கிளட்ச் பிடிக்காமல் அழுத்திய செல்ஃப்: வாசலில் நின்ற வண்டி பாய்ந்த ஒரு நிகழ்வின் ஆய்வு

கும்பகோணத்தில் ஒரு குறுகலான குடியிருப்புத் தெரு. காலை 6.45 இருக்கும். 58 வயதுக்காரர் ஒருவர், வீட்டு வாசலில் சைடு ஸ்டாண்டு போட்டு நின்ற 150 சிசி மோட்டார் சைக்கிளின் இடது பக்கம் நின்றபடி சாவியைத் திருப்பினார். குளிர்ந்த என்ஜின் சுலபமாகப் பிடிக்க உதவும் சோக்கை இழுத்துவிட்டார். டேங்குக்கு மேலாக வலது கையை நீட்டி, கட்டைவிரலால் செல்ஃப் பட்டனை அழுத்தினார். என்ஜின் பிடித்த நொடியே வண்டி முன்னால் பாய்ந்தது. சைடு ஸ்டாண்டு மடங்கிக்கொண்டது. கைப்பிடியை விடாமல் அவரும் கூடவே இழுபட்டுப் போக, முன் சக்கரம் பக்கத்து வீட்டுத் திண்ணையின் முனையில் மோதி, வண்டி இடது பக்கம் சாய்ந்து அவர் காலின் மேலேயே விழுந்தது. இடது கணுக்கால் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

சீட்டில் அவர் உட்காரவே இல்லை. எங்கும் கிளம்பவும் இல்லை. "சும்மா ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வைக்கலாம்னு பாத்தேன்" என்றுதான் மருத்துவமனையில் சொன்னார். பைக் விபத்து என்றதும் நம் மனம் நெடுஞ்சாலைக்கும் வேகத்துக்கும் போய்விடுகிறது. நின்ற இடத்திலேயே நடக்கிற இந்த மாதிரி விபத்துகள் காவல் நிலையம் வரை போவதில்லை. "வண்டி சரிஞ்சிடுச்சு" என்பதோடு முடிந்துவிடும். ஓட்டுநர் பயிற்சி கொடுப்பது என் தொழில் என்பதால், இதை அப்படி விட எனக்கு மனம் வரவில்லை. வண்டிக்குச் சொந்தக்காரரும் சென்னையிலிருந்து போன் செய்து, "வண்டில என்ன கோளாறுன்னு நீங்களே ஒரு தடவ பாத்துடுங்கண்ணே" என்றார். பார்த்ததையும் விசாரித்ததையும் கீழே எழுதுகிறேன். அடிபட்டவரைத் தெருவில் எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுகிறோம். இங்கேயும் அவர் மாமாவாகவே இருக்கட்டும்.

பின்னணி

மாமா பல வருடங்களாக ஓட்டுவது ஒரு ஸ்பிளெண்டர். கிக்கர் அடித்து ஸ்டார்ட் செய்கிற பழைய வண்டி. எடை 110 கிலோ சுமார் இருக்கும். பாய்ந்த வண்டி அவருடைய அக்கா மகனுடையது. அது 145 கிலோவை ஒட்டிய, கார்புரேட்டரும் சோக்கும் உள்ள, பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வருவதற்கு முந்தைய மாடல். வேலை கிடைத்து சென்னைக்குக் கிளம்பும்போது அந்தத் தம்பி சாவியைக் கொடுத்து, "சும்மா நிறுத்தி வைக்காதீங்க மாமா, அப்பப்ப எடுத்து ஓட்டுங்க. இல்லேன்னா பேட்டரி படுத்துடும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வண்டியைப் பற்றி மாமாவுக்குக் கிடைத்த தகவல் அவ்வளவுதான்.

விபத்துக்கு முந்தின நாள் மாலை மாமா முதல் தடவையாக அந்த வண்டியை எடுத்துக்கொண்டு பால் பூத் வரை போய் வந்தார். இரவு வாசலிலேயே நிறுத்தினார். மறுநாள் காலை நடந்ததுதான் மேலே சொன்னது.

வண்டியில் பார்த்தது

நான் போவதற்குள் தெருக்காரர்கள் வண்டியைத் தூக்கி நடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்தார்கள். நல்லவேளை, கியரை யாரும் தொடவில்லை. அந்தத் திண்ணைக்கு முன்னால், சற்று முன்புதான் போட்டு முடித்திருந்த கோலத்தின் குறுக்கே பின் டயர் இழுத்த கறுப்புக் கோடு கிடந்தது. கோலம் போட்ட அம்மா உள்ளே போய்ச் சில நிமிடங்கள்தான் ஆகியிருந்ததாம். அந்தக் கோடு ஒரு விஷயத்தை உறுதிப்படுத்தியது. வண்டி சும்மா உருண்டு போய் மோதவில்லை. பின் சக்கரத்துக்கு என்ஜின் விசை போயிருக்கிறது.

சாவியை அணைத்துவிட்டு, தூக்கி நின்ற பின் சக்கரத்தைக் கையால் சுற்றப் பார்த்தேன். சுற்றவில்லை. அப்படியென்றால் கியரில் இருக்கிறது. எந்தக் கியர்? சக்கரத்தை லேசாக ஆட்டிக்கொண்டே லீவரின் முன்பக்கத்தை அழுத்தினேன். ஒரு முழு அழுத்தில் ஒரு கியர் கீழே இறங்கியது, அடுத்த அழுத்துக்கு நகரவில்லை. அதாவது வண்டி ரெண்டாவது கியரில் நின்றிருக்கிறது. இது எனக்கே கொஞ்சம் வியப்பாக இருந்தது. முதல் கியரில் போட்டு மறந்துபோவது வழக்கமாக நடக்கிறதுதான். ரெண்டாவது கியரில் வண்டியை நிறுத்தி வைக்கிறவர் யார்?

அடுத்து செல்ஃப். இந்த மாதிரி வண்டிகளில் செல்ஃப் ரிலேவுக்கு, அதாவது ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரத்தை விடும் சுவிட்சுக்கு, இணைப்பு கிடைக்க இரண்டு வழி உண்டு. ஒன்று நியூட்ரல் சுவிட்ச், இன்னொன்று கிளட்ச் லீவருக்கு அடியில் இருக்கும் சின்ன சுவிட்ச். வண்டி நியூட்ரலில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளட்சைப் பிடித்திருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் மோட்டார் சுற்றாது. வண்டியைக் கியரில் போட்டு, பின் சக்கரம் தரையில் படாமல், கிளட்சைத் தொடாமல் பட்டனைத் தட்டிப் பார்த்தேன். மோட்டார் சுற்றியது, சக்கரமும் சுற்றியது. கிளட்ச் லீவருக்குக் கீழே பார்த்தால், சுவிட்சுக்குப் போக வேண்டிய இரண்டு ஒயர்களும் ஒன்றாக முறுக்கப்பட்டு, கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிக் கிடந்தன.

வண்டியை வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் எதையும் மறைக்கவில்லை. "ஆமாண்ணே, போன வருஷம் கிளட்ச் சுவிட்ச் போயிடுச்சு. சிக்னல்ல ஆஃப் ஆனா நியூட்ரல் போடாம ஸ்டார்ட் ஆவலன்னு தம்பி வந்து நின்னாரு. சாமான் கையில இல்ல. டைரக்ட் பண்ணிக் கொடுத்துட்டேன். அப்புறம் மாத்திக்கலாம்னு சொன்னேன், அவர் வரவே இல்ல."

பழுதுபட்ட பாதுகாப்பு சுவிட்சை ஓரங்கட்டி ஒயரை நேரடியாகச் சேர்ப்பது நம் ஊர்ப் பட்டறைகளில் அன்றாடம் நடப்பது. அவசரத்துக்கு வந்தவரை வீடு வரை அனுப்பிவைக்க அது உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வண்டியின் நடத்தை மாறிவிடுகிறது. கியரில் இருந்தாலும் செல்ஃப் அடிக்கும். தம்பிக்கு இது தெரியும். எப்போதுமே கிளட்சைப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யும் பழக்கம் இருந்ததால், ஒரு வருடமும் அவருக்கு எதுவும் ஆகவில்லை. அந்தப் பழக்கத்தைச் சாவியோடு சேர்த்துக் கைமாற்றிக் கொடுக்க முடியாது. வாயால் சொல்லியிருக்க வேண்டும்.

முந்தின நாள் மாலை

ரெண்டாவது கியர் எப்படி விழுந்தது என்பதற்கு விடை அத்தையிடம் கிடைத்தது. "பால் வாங்கிட்டு வந்ததுலேர்ந்து புலம்பிக்கிட்டே இருந்தாரு. மாப்ள வண்டில செகண்டு கியரே விழல, மிதிச்சு மிதிச்சுப் பாத்தேன், ஒரே உறுமலா உறுமுதுன்னாரு."

இந்த ஒரு வாக்கியத்தில் முழு விபத்தும் இருக்கிறது.

ஸ்பிளெண்டரில் நியூட்ரலுக்குப் பிறகு நான்கு கியரும் ஒரே திசையில்தான். லீவரின் முன்பக்கத்தைக் கால் விரலால் அழுத்த அழுத்த ஒன்று, ரெண்டு, மூன்று, நான்கு. குறைக்க வேண்டுமென்றால் பின்பக்கத்தைக் குதிகாலால் அழுத்த வேண்டும். முதல் கியரிலிருந்து நியூட்ரலுக்கு வர, குதிகாலால் ஒரு அழுத்து. அதற்குக் கீழே வேறு கியர் இல்லை. அதனால் எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் நியூட்ரல்தான்.

பல்சர் போன்ற 150 சிசி வண்டிகளில் வரிசை வேறு. முதல் கியர் மட்டும் கீழே. மற்றதெல்லாம் மேலே. நியூட்ரல், ஒன்றுக்கும் ரெண்டுக்கும் நடுவில் இருக்கிறது. விரலால் முன்னே அழுத்தினால் முதல் கியர் விழும். இது இரண்டு வண்டிக்கும் பொது என்பதால் மாமாவால் கிளம்ப முடிந்தது. ரெண்டாவதுக்குப் போக அவர் கால் மறுபடி முன்னே அழுத்தியிருக்கிறது. அந்தத் திசையில் இனி கியர் இல்லை. "செகண்டு விழல" என்றது இதைத்தான். பால் பூத் பக்கத்திலேயே இருந்ததால் போகவும் வரவும் முதல் கியரிலேயே உறுமிக்கொண்டு ஓட்டி முடித்துவிட்டார்.

வீட்டு வாசலுக்கு வந்ததும், வண்டி முழுதாக நிற்பதற்கு முன்பே, பழக்கப்பட்டபடி குதிகாலால் ஓங்கி ஒரு அழுத்து. ஸ்பிளெண்டராக இருந்தால் நியூட்ரல். இந்த வண்டியில் குதிகாலை அழுத்துவது கியரைக் கூட்டுவது. அரை அழுத்து அழுத்தினால் நியூட்ரலில் நிற்கும், முழு அழுத்துக்கு நியூட்ரலைத் தாண்டி ரெண்டாவதில் விழும். சக்கரம் இன்னும் உருண்டுகொண்டிருந்ததால் கியர் தடங்கலில்லாமல் விழுந்துவிட்டது. அப்போதும் ஒரு வாய்ப்பு இருந்தது. என்ஜின் ஓடும்போதே கிளட்சை விட்டிருந்தால் வண்டி குலுங்கி ஆஃப் ஆகியிருக்கும், கியரில் இருப்பது தெரிந்திருக்கும். ஆனால் மாமா கிளட்சைப் பிடித்தபடியே சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் கிளட்சை விட்டார். என்ஜின் நின்றபின் விட்டதால் எந்த அறிகுறியும் இல்லை. சைடு ஸ்டாண்டைத் தள்ளிவிட்டுப் பால் பாக்கெட்டோடு உள்ளே போய்விட்டார்.

இந்த விபத்து நடந்தது காலையில்தான். ஆனால் அதற்கான ஏற்பாடு முந்தின நாள் மாலையே முடிந்துவிட்டது. வண்டியை எப்படி எடுப்பது என்று கற்றுக்கொடுக்கும் நாங்கள், எப்படி நிறுத்துவது என்பதற்கு அதில் பாதி நேரம்கூடக் கொடுப்பதில்லை. உரிமத் தேர்வு மைதானத்திலும் நான் பார்த்த வரையில் கவனமெல்லாம் கால் ஊன்றாமல் எட்டு போடுவதில்தான் இருக்கிறது.

பட்டனை அழுத்தியபின்

காலையில் பச்சை நியூட்ரல் விளக்கு எரிந்திருக்காது. அந்த பல்பு நல்ல நிலையில் இருப்பதைப் பிறகு சோதித்தேன். மாமா அதைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் நின்றுகொண்டு குனிந்து சோக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, சீட்டில் உட்கார்ந்தவர் கண்ணுக்கு நேராக வைத்திருக்கும் விளக்கு படாது. அவருக்கு அந்த விளக்கு தேவைப்பட்டதும் இல்லை. கிக்கர் வண்டியில், கியரில் இருந்தால் கிக்கரை மிதிக்கும்போதே வண்டி முன்னால் உந்தும். காலுக்குத் தெரிந்துவிடும். செல்ஃப் பட்டனில் கட்டைவிரலுக்கு எதுவும் தெரியாது. பட்டனைத் தொடும்வரை அமைதி, தொட்டதும் முழு விசை.

மோட்டார் என்ஜினைச் சுற்றுகிறது, என்ஜின் ரெண்டாவது கியர் வழியாகப் பின் சக்கரத்தைச் சுற்றுகிறது. அந்த நிலையில் வண்டி மெதுவாக உந்தித்தான் நகரும். என்ஜின் பிடித்ததும்தான் ஆபத்து. சோக் இழுத்திருந்ததால் ஐடிலிங்கே கூடுதல். இந்த ரக வண்டியில் ரெண்டாவது கியரில் என்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினாலே வண்டி மணிக்கு 12 கிலோமீட்டரை ஒட்டிப் போகும். அதாவது ஒரு வினாடிக்கு 3 மீட்டருக்கு மேல். மனிதர் நடப்பது மணிக்கு 5 கிலோமீட்டர். என்ன நடக்கிறது என்று மூளைக்கு உறைப்பதற்குள் திண்ணை வந்துவிட்டது.

கையை ஏன் விடவில்லை என்று பலரும் மாமாவைக் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி இல்லை. திடீரென்று இழுபடும்போது கை இறுகிப் பிடிக்கும், அது உடம்பின் இயல்பு. அவர் பிடித்திருந்தது ஆக்சிலேட்டர் கைப்பிடி என்பதுதான் விபத்தைப் பெரிதாக்கியது. வண்டி முன்னே போக, உடம்பு பின்னே தங்க, மணிக்கட்டு தானாகக் கீழே இறங்கும். மணிக்கட்டு இறங்கினால் ஆக்சிலேட்டர் முறுக்கிக்கொள்ளும். வண்டி இன்னும் வேகமாக இழுக்கும். புதிதாக ஓட்டக் கற்பவர்கள் கிளம்பும்போது "வண்டி தானா பறந்துடுச்சு" என்று சொல்வதும் பெரும்பாலும் இதே காரணத்தால்தான்.

சைடு ஸ்டாண்டு காப்பாற்றியிருக்காதா? காப்பாற்றாது. அதன் கால் சற்று முன்னோக்கி நீட்டி ஊன்றியிருக்கும். வண்டி முன்னே நகர்ந்தால் ஊன்றிய கால் பின்னால் மடங்கிவிடும். சரிவில் இறக்கத்தைப் பார்த்து முன் சக்கரத்தை வைத்து சைடு ஸ்டாண்டில் நிறுத்தக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 நடைமுறைக்கு வந்தபின் வெளியான பல வண்டிகளில், சைடு ஸ்டாண்டு கீழே இருக்கும்போது கியர் விழுந்தால் என்ஜின் அணைந்துவிடும் ஏற்பாடு இருக்கிறது. அந்த வசதி இருந்திருந்தால் இந்த நிகழ்வே இல்லை. நம் தெருக்களில் ஓடுகிற வண்டிகளில் ஏராளமானவை அதற்கு முந்தையவை.

யார் பொறுப்பு என்று கேட்டால், என் கணிப்பில் மாமாவின் பங்கு குறைவு. ஒரு வண்டியில் இத்தனை வருடம் பழகிய காலுக்கு, இன்னொரு வண்டியின் கியர் வரிசை தானாகத் தெரியாது. பழைய புல்லட் ஓட்டியவர்கள் கியர் லீவர் வலது பக்கம் இருந்ததை மறந்திருக்க மாட்டார்கள். அதில் முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. மைசூரில் செய்த யெஸ்டியில் கிக்கரும் கியர் லீவரும் ஒரே தண்டு. அந்தக் காலத்தில் வண்டி மாற்றி ஓட்டுபவர்கள் முதலில் கியர் வரிசையைக் கேட்டுக்கொண்டுதான் ஏறுவார்கள். இன்று எல்லா வண்டியும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் அந்தக் கேள்வியே இல்லாமல் போய்விட்டது. சாவியைக் கொடுக்கிறவர் மூன்றே விஷயம் சொன்னால் போதும்: கியர் எப்படி விழும், எந்த பிரேக் எப்படிப் பிடிக்கும், வண்டியில் எதையாவது டைரக்ட் செய்திருக்கிறதா.

ஸ்டார்ட் செய்யும் முறையில் மாற்றியது

கட்டுப் பிரித்து, நன்றாக நடக்கத் தொடங்கியபின் மாமா கேட்டார்: "அந்த வண்டியை எனக்கு ஒழுங்கா சொல்லிக் குடுப்பா." தெருவை விட்டு, காலை நேரத்தில் காலியாக இருக்கும் ஒரு மைதானத்துக்குப் போனோம்.

முதலில் அவரிடம் பேசித் தீர்க்க வேண்டியிருந்தது, பக்கவாட்டில் நின்று ஸ்டார்ட் செய்யும் பழக்கத்தை. வாசலில் என்ஜினைச் சூடாக்கி வைத்துவிட்டு உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வருவது நம் ஊரில் ரொம்பப் பேருக்கு வழக்கம். சோக் உள்ள வண்டிக்குக்கூட அவ்வளவு நேரம் வேண்டாம். என்ஜின் சீராக ஓடும்வரை அரை நிமிடம், ஒரு நிமிடம் விட்டு, சோக்கைத் தள்ளிவிட்டு, முதல் கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டினால் ஓட்டத்திலேயே சூடாகிவிடும். கார்புரேட்டருக்குப் பதில் ஃபியூயல் இன்ஜெக்ஷன் உள்ள புது வண்டிகளில் சோக்கே கிடையாது. இன்னொன்று. பழைய வீடுகளில் வண்டியை ராத்திரி ரேழியில் ஏற்றி வைப்பார்கள், காலையில் அங்கேயே ஸ்டார்ட் செய்து ஓடவிடுவார்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. மூடிய இடத்தில் அது உயிரையே எடுக்கும். வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்து ஸ்டார்ட் செய்ய வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பிறகு முறை. ஹெல்மெட் மாட்டி, வாரைப் பூட்டியபின்தான் சாவி. என்ஜின் ஓட ஆரம்பித்தபின் வாரைத் தேடிக்கொண்டிருந்தால் இரண்டு கையும் ஹேண்டிலில் இருக்காது. வண்டியில் ஏறி உட்கார்ந்து நிமிர்த்தியதும், முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைடு ஸ்டாண்டை எடுக்க வேண்டும். ஹேண்டில் லாக் விடுபட்டிருக்கிறதா என்று இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். அடுத்து பிரேக்கை விட்டு, கிளட்சையும் பிடிக்காமல், வண்டியை ஒரு சாண் முன்னேயும் பின்னேயும் உருட்டிப் பார்ப்பது. நியூட்ரலில் இருந்தால் லேசாக உருளும். கியரில் இருந்தால் பின் சக்கரம் அடைத்துக்கொண்டு நிற்கும். பல்பு எரியுமோ எரியாதோ, சுவிட்ச் இருக்குமோ இருக்காதோ, இந்தச் சோதனை பொய் சொல்லாது. விபத்து நடந்த காலையில் இதை மட்டும் செய்திருந்தால் போதும்.

செல்ஃப் அடிக்கும்போது வலது கையின் விரல்கள் நான்கும் முன் பிரேக் லீவரின் மேல், கட்டைவிரல் மட்டும் பட்டனில். இடது கையில் கிளட்ச் முழுதாகப் பிடித்திருக்க வேண்டும். நியூட்ரல் விளக்கு எரிந்தாலும் சரி, கிளட்ச் பிடிக்காமல் பட்டனைத் தொடக் கூடாது. "நியூட்ரல்ல இருக்கும்போது கிளட்ச் எதுக்குப்பா?" என்று மாமா கேட்டார். நிறுத்தும்போது எப்போதும் நியூட்ரலில் வையுங்கள் என்று நான் சொல்ல முடியாது. சரிவான இடத்தில் முதல் கியரில் போட்டு நிறுத்துவதுதான் சரி. ஆகவே மறுநாள் வந்து வண்டியை எடுப்பவர், அது கியரில் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே தொட வேண்டும். பிரேக்கும் சேர்ந்து ஏன் என்றால், பல வாரம் ஓட்டாமல் நின்ற வண்டியில் கிளட்ச் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். கிளட்சைப் பிடித்தும் வண்டி உந்தும். அதோடு, விரல்கள் பிரேக் லீவரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரைத் தெரியாமல் முறுக்கிவிடுவதும் கடினம்.

செல்ஃபை ஐந்து வினாடிக்கு மேல் தொடர்ந்து அழுத்தாமல், பிடிக்காவிட்டால் கொஞ்சம் விட்டு மறுபடி அடிப்பது பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நல்லது. ஸ்டார்ட் ஆகாவிட்டால் முதலில் என்ஜினை அணைக்கும் கில் சுவிட்சையும், பெட்ரோலைத் திறந்து மூடும் காக்கையும் பாருங்கள்.

கிளம்புவது

மாமாவின் கிளம்பல், ஸ்பிளெண்டரிலேயே, இப்படித்தான் இருந்தது: முதல் கியர், ஆக்சிலேட்டரை நன்றாக முறுக்கி, கிளட்சைப் பட்டென்று விட்டு, இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே நாலைந்து அடி. லேசான வண்டியில் அது ஓடிவிடும். 150 சிசியில் அதே மாதிரி விட்டால் வண்டி துள்ளும்.

அதனால் ஆக்சிலேட்டரையே தொடாமல் ஆரம்பித்தோம். சமதரையில், முதல் கியரில், கிளட்சை மட்டும் மிக மெதுவாக விட்டுக்கொண்டே வரச் சொன்னேன். ஒரு இடத்தில் என்ஜின் சத்தம் கொஞ்சம் தணிந்து, வண்டியின் முன்பகுதி மெல்ல நகரப் பார்க்கும். கிளட்ச் பிடிக்கிற இடம் அது. அங்கேயே நிறுத்தி, மறுபடி உள்ளே இழுக்க வேண்டும். ஒவ்வொரு வண்டியிலும் அந்த இடம் வேறு. லீவரை விட ஆரம்பித்ததுமே பிடிக்கிற வண்டியும் உண்டு, கடைசியில்தான் பிடிக்கும் என்கிற வண்டியும் உண்டு. கேபிளை இறுக்கினாலே இடம் மாறிவிடும். அதனால் பழகாத வண்டியை எடுக்கும் எவரும் தெருவுக்குப் போகும் முன் இதைச் சில தடவை செய்து பார்ப்பது நல்லது. மாமாவுக்கு விரல்களில் அந்த இடம் பிடிபட்டபின், அங்கே வந்ததும் லீவரை ஒரு கணம் நிறுத்திவைத்து, ஆக்சிலேட்டரை ஒரு நூல் அளவு திறந்து, வண்டி உருளத் தொடங்கியதும் மீதியை விடச் சொன்னேன். பெரும்பாலானோர் செய்யும் தவறு அந்தக் கணத்தில்தான். வண்டி நகர்ந்ததும் வேலை முடிந்தது என்று லீவரை விட்டுவிடுகிறார்கள்.

கால்கள். வலது காலை ஊன்றி, முன் பிரேக்கைப் பிடித்து, இடது காலால் முதல் கியர். பிறகு இடது காலை ஊன்றி, வலது காலைப் பின் பிரேக்குக்குக் கொண்டுபோக வேண்டும். இந்தக் கால் மாற்றம் அவருக்குப் புதிது, எரிச்சலாகக்கூட இருந்தது. ஆனால் ஆற்றுப் பாலத்துக்கு ஏறும் ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது, வலது கை முழுக்க ஆக்சிலேட்டருக்கு விடுதலையாக இருப்பதும், பின் பிரேக் வண்டியைப் பின்னால் சறுக்கவிடாமல் பிடித்து நிற்பதும் எவ்வளவு நிம்மதி என்று அவரே சொன்னார்.

பார்வையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாம் தெருவின் இடது ஓரத்திலிருந்து கிளம்புகிறோம். வலது இண்டிகேட்டர், வலது கண்ணாடி, அதற்குப் பிறகு வலது தோளுக்கு மேல் தலையைத் திருப்பி ஒரு பார்வை. கண்ணாடியில் விழாத இடத்தில்தான் சைக்கிளில் வரும் பள்ளிப் பிள்ளை இருக்கும். கண்ணாடியை உட்கார்ந்த உடனே சரிசெய்ய வேண்டும், ஓடும்போது இல்லை. நகர்ந்ததும் முன் சக்கரத்தைப் பார்க்காமல் தூரத்தில் பார்த்தால், மெதுவாகப் போகும்போதும் ஹேண்டில் ஆடாது. சைடு ஸ்டாண்டு எடுத்தாகிவிட்டதா என்பதைக் கிளம்பும் முன் குதிகாலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட வேண்டும். கீழே இருக்கும் ஸ்டாண்டு நேராகப் போகும்வரை தெரியாது. முதல் இடதுபுறத் திருப்பத்தில் வண்டி சாயும்போது தரையில் குத்தி வண்டியைத் தூக்கிப் போட்டுவிடும்.

அத்தை பின்னால் ஒருபுறமாக, புடவையில் உட்கார்ந்து வருபவர். பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், துணி சிக்காமல் பின் சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு, இவை மூன்றும் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதிப்படி கட்டாயம். தம்பி அழகுக்காக அந்தத் தடுப்பைக் கழற்றி வைத்திருந்தார். அது திரும்ப மாட்டப்பட்டது. அத்தை உட்கார்ந்து, முந்தானையை மடியில் செருகிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து, "ம், போலாம்" என்று சொன்னபின்தான் மாமா கியரைத் தொடுகிறார். அத்தைக்கும் ஹெல்மெட் வாங்கியாகிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தில் ஹெல்மெட் பற்றிய 129-ஆம் பிரிவு பின்னால் இருப்பவரையும் சேர்த்துத்தான் சொல்கிறது.

மீதமிருப்பது

ஸ்டார்ட் செய்வதும் கிளம்புவதும் மாமாவுக்குச் சரியாகிவிட்டன. ஓடும்போது கியர் மாற்றுவது ஆகவில்லை. மைதானத்தில் மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருந்தவர், நான்காவது போட நினைத்துக் கால் விரலால் முன்னே அழுத்தினார். விழுந்தது ரெண்டாவது. பின் சக்கரம் ஒரு கணம் இழுபட்டு வால் ஆட்டியது. காய்ந்த மண்ணில், குறைந்த வேகத்தில் நடந்ததால் சமாளித்தார். மழை ஈரத்தில், தஞ்சாவூர் சாலையில், பின்னால் பஸ் வரும்போது நடந்தால் அது கணுக்காலோடு போகாது. இரண்டு வண்டியையும் மாற்றி மாற்றி ஓட்டினால் இந்தக் குழப்பம் தீராது, ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். ஸ்பிளெண்டரையே வைத்துக்கொண்டார். தம்பியின் வண்டியை, அதே ரக வண்டி வைத்திருக்கும் பக்கத்துத் தெருப் பையன் ஒருவர் அவ்வப்போது எடுத்து ஓட்டி வைக்கிறார். பேட்டரியும் படுக்கவில்லை.

மெக்கானிக் புது கிளட்ச் சுவிட்ச் மாட்டிக் கொடுத்தார். அவராகவே, தான் டைரக்ட் செய்து கொடுத்த மற்ற வண்டிக்காரர்களுக்கும் போன் செய்தார். சிலர் வந்து மாற்றிக்கொண்டார்கள், சிலர் "ஓடுதுல்ல, விடுங்க" என்றார்கள்.

உங்கள் வண்டியில் அந்தச் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். நடு ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரம் தரையில் படாமல் இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். முன்னால் யாரும் நிற்கக் கூடாது. முதல் கியரில் போடுங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, கிளட்சைத் தொடாமல், செல்ஃப் பட்டனை ஒரு தட்டு மட்டும் தட்டுங்கள். மோட்டார் சுற்றக் கூடாது. சுற்றினால் ஒயர் டைரக்ட் செய்யப்பட்டிருக்கலாம், சுவிட்ச் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது உங்கள் மாடலில் அந்த ஏற்பாடே இல்லாமல் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் பட்டறையில் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை அந்த வண்டியை வேறு யாருக்குக் கொடுத்தாலும், சாவியை நீட்டும்போதே அதையும் சொல்லிவிடுங்கள்.